அலமாரியில் கிடக்கும் பழைய ஐபேடில் மறுபடி பாட்டு போடுவது எப்படி

வீட்டில் ஒரு பழைய ஐபேட் சும்மா கிடக்கிறதா? 2012, 2013 வாக்கில் கராஜ்பேண்ட், நானோஸ்டூடியோ போன்ற இசை ஆப்களில் பாதியில் விட்ட மெட்டு எதாவது அதற்குள் இருக்கிறதா? அப்படியென்றால் அதை யாருக்காவது தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் இருப்பது 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐபேட். ஐஓஎஸ் (ஐபேடை இயக்கும் மென்பொருள்) 9.3.5-உடன் அதற்கு அப்டேட் நின்றுபோனது. பிரவுசரில் பாதி தளங்கள் திறக்காது, வீடியோ கால் பேச முடியாது, ஆனால் அதில் இருக்கிற சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் வாத்தியம்) ஆப்கள் எல்லாம் வாங்கிய நாளில் எப்படி ஒலித்தனவோ அப்படியே ஒலிக்கின்றன. வாரத்தில் இரண்டு நாளாவது அதை எடுத்து வாசிக்கிறேன்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். திரை ஓரத்தில் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம், அதை சார்ஜ் போடவே கூடாது. நன்றாக இருந்தால் அகலமான அந்தப் பழைய 30 பின் கேபிளைத் தேடி எடுங்கள். 2012 கடைசியில் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து லைட்னிங் கேபிள். சின்ன போன் சார்ஜரில் போட்டுவிட்டு ஏறவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், ஐபேடுக்கு 10 வாட் சார்ஜர் வேண்டும். வெகுநாள் கிடந்தது என்றால் உயிர் வரவே அரை மணி நேரம் ஆகலாம்.

எழுந்ததும் ஏர்பிளேன் மோடு. இதுதான் முக்கியம், இணையம் இருந்தால் தெரியாமல் அப்டேட் ஏறிவிடலாம். அப்டேட்டுக்கு ஏன் பயம் என்று சொல்கிறேன்: 2017 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 11, 32 பிட் ஆப்களை (பழைய வகை சிப்களுக்காக எழுதியவை) மொத்தமாக ஓரங்கட்டிவிட்டது. 2010, 2011-இல் எழுதி அப்புறம் யாரும் கை வைக்காமல் விட்ட எத்தனையோ இசை ஆப்கள் அந்த ஒரே அப்டேட்டில் திறக்காமல் போயின. உங்களுடையது ஐபேட் ஏர் போல 64 பிட் கருவியாக இருந்து இன்னும் ஐஓஎஸ் 10-லேயே நிற்கிறது என்றால் அது பொக்கிஷம், தயவுசெய்து அப்டேட் செய்யாதீர்கள். போனால் திரும்பி வர முடியாது, ஏனென்றால் பழைய பதிப்புக்கு ஆப்பிள் இப்போது அனுமதி தருவதில்லை. ஐஓஎஸ் 10.3-இல் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட், அதில் அப்ளிகேஷன்ஸ் என்று போனால் எந்தெந்த ஆப்கள் புதிய பதிப்பில் ஓடாது என்று பட்டியலே காட்டும்.

ரீசெட்டும் செய்யாதீர்கள். மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கடையில் கொடுத்த என் முதல் ஐபேடை அவர்கள் கேட்காமலேயே துடைத்துத் தந்தார்கள், பன்னிரண்டு பாட்டு போயிற்று. அதில் ஒன்று என் அப்பா பாடியது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இப்போது பாட்டுகளை வெளியே எடுப்போம். கம்ப்யூட்டரில் கேபிளைச் செருகி ஐடியூன்ஸில் (புதிய மேக் என்றால் ஃபைண்டரில்) முதலில் ஒரு முழு பேக்கப். இதில் ஆப்பின் தரவு வரும், ஆப் வராது என்பதை நினைவில் வையுங்கள். அப்புறம் ஃபைல் ஷேரிங் பகுதியில் எந்த ஆப்கள் தெரிகின்றன என்று பார்த்து, இருக்கிற கோப்புகளை எல்லாம் இழுத்துக்கொள்ளுங்கள். கராஜ்பேண்டில் பாட்டை ஐடியூன்ஸுக்கு அனுப்பு என்று கொடுத்தால்தான் அங்கே வரும். அந்த ப்ராஜெக்டைப் புதிய கராஜ்பேண்டில் திறந்து சேமித்தால் பழையதில் மறுபடி திறக்காது, ஆகவே நகல் எடுத்து வைத்துவிட்டுத் திறங்கள்.

கோப்பாக எதுவும் தராத ஆப்கள் இருக்கும். அதற்கும் வழி உண்டு, ஹெட்போன் ஜாக். 3.5 மில்லிமீட்டர் கேபிளை கம்ப்யூட்டரின் லைன் இன்னிலோ (ஒலி உள்ளே போகும் துளை) ஆடியோ இன்டர்ஃபேஸிலோ (ஒலியைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் தனிப் பெட்டி) செருகி, ஒவ்வொரு டிராக்கையும், அதாவது ஒவ்வொரு வாத்தியத்தின் தனிப் பதிவையும், சோலோ போட்டு அது மட்டும் ஒலிக்கும்படி பதிவு செய்யுங்கள். மொத்தமாக ஒரே கலவையாக எடுத்தால் பின்னால் பேஸை மட்டும் குறைக்க முடியாமல் தவிப்பீர்கள். எல்லா டிராக்குக்கும் முன்னால் ஒரே இடத்தில் நாலு தட்டு கிளிக் வருகிற மாதிரி வைத்துக்கொண்டால் அதை வைத்து ஒன்றோடொன்று நேராக அடுக்கிவிடலாம். ரிவெர்ப், டிலே போன்ற எதிரொலி எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை எடுத்து வையுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் மூன்று பாட்டை முழுதாக மீட்டுவிடலாம்.

பாட்டுகள் பத்திரமான பிறகு வைஃபை போட்டுக்கொள்ளலாம், ஆட்டோமேடிக் அப்டேட்டை மட்டும் அணைத்துவிட்டு. ஆப் ஸ்டோரில் பர்ச்சேஸ்டு பட்டியலுக்குப் போனால் முன்பு வாங்கியவை இருக்கும். அழுத்தும்போது உங்கள் கருவிக்குப் பொருந்தும் பழைய பதிப்பை இறக்கவா என்று கேட்டால் சரி கொடுங்கள். இலவச ஆப் ஒன்று புதிதாக வேண்டும், ஆனால் பழைய ஐபேடில் நேராக இறங்க மாட்டேன் என்கிறதா? அதே கணக்கில் புதிய போனில் ஒரு முறை இறக்குங்கள், பிறகு பழைய கருவியின் பர்ச்சேஸ்டு பட்டியலில் அது வந்து நிற்கும். ஸ்டோரில் இப்போது கிடைக்காத ஆப் கையில் இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள்.

இனி வாசிக்கலாம். கோர்க் நிறுவனத்தின் ஐஎம்எஸ்-20 ஆப், 2010-இல் வந்தது, பழைய எம்எஸ்-20 சிந்தசைசரின் வயர் செருகும் பலகையோடு அப்படியே. மூக் நிறுவனத்தின் அனிமூக் 2011. ஐபேடுக்கான கராஜ்பேண்ட் அதே ஆண்டு மார்ச்சில், முதல் பதிப்பில் எட்டு டிராக் மட்டும். எட்டுதான் என்பதால் எந்த வாத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று உடனே முடிவு செய்ய வேண்டிவரும், எனக்கு அது பிடித்திருக்கிறது. அதில் கீபோர்டுக்கு ஸ்கேல் தேர்ந்தெடுக்கும் பொத்தான் உண்டு. மேஜர் பென்டடானிக் வைத்தால் மோகனத்தின் ஸ்வரங்கள், மைனர் பென்டடானிக் வைத்தால் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். கமகம் தானாக வராது, ஆனால் பக்கத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்து எங்கே தட்டினாலும் தப்பு ஸ்வரம் விழாது.

கரகரவென்று சத்தம் உடைந்தால் மற்ற ஆப்களை மூடுங்கள், ரிவெர்பைக் குறையுங்கள். யுஎஸ்பி இசைக் கீபோர்டு சேர்க்க, யுஎஸ்பி துளை தரும் ஆப்பிளின் கேமரா கனெக்‌ஷன் கிட் போதும். கூடுதல் மின்சாரம் வேண்டும் என்று மறுத்தால், தனி அடாப்டர் உள்ள ஹப் ஒன்றை நடுவில் வையுங்கள். புதிய போனோடு டெம்போ (வேகம்) சேர்க்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம்: இரண்டிலும் ஒரே பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு), பழையதிலிருந்து எட்டு பார் (தாளச் சுற்று) பதிவு, புதியதில் அதைத் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக வெட்டிப் போட்டு மேலே கட்டுங்கள்.

ஆண்ட்ராய்டில் காஸ்டிக் 3 என்ற இசை ஆப் வைத்திருந்தவர்களுக்கும் இதே புத்திதான், பழைய போனையே அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 14-லிருந்து மிகப் பழைய ஆப்களை நிறுவவே விடுவதில்லை.

வாசித்து முடித்து எடுத்து வைக்கும்போது சார்ஜ் பாதி அளவில் இருக்கட்டும், முழுவதும் தீர்ந்த நிலையில் மட்டும் மாதக்கணக்காக விட்டுவிடாதீர்கள்.