நட்சத்திர நகைச்சுவைப் படத்தை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதாநாயகன் வழுக்கி விழுகிறார், எழுகிறார், கதவில் மூக்கை இடித்துக்கொள்கிறார், மறுபடியும் விழுகிறார். வயிறு வலிக்கச் சிரித்தவர்களே வெளியே வந்ததும் "வெறும் சேட்டை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். விழுந்தும் அடிபட்டும் சிரிக்கவைக்கும் ஸ்லாப்ஸ்டிக் படத்தை எடைபோடுவதில் முதல் தவறு இதுதான். விழுவது யாருக்கும் வரும்; சிரிப்பு வரும்படி விழுவது எல்லாருக்கும் வராது.

1928-ல் வெளிவந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், புயலுக்கு நடுவே மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் ஒரு வீட்டின் முன் நிற்கிறார். வீட்டின் முகப்புச் சுவர் முழுதாகப் பெயர்ந்து அவர்மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்குகிறது. சுவர் தரையில் கிடக்க, அவர் அப்படியே நிற்கிறார். அட்டையில் செய்த சுவர் அல்ல அது. சற்றுத் தள்ளி நின்றிருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டார். கேமராவோ விலகி நின்று, சுவரையும் ஆளையும் ஒன்றாகவே காட்டுகிறது. இதையே நான்கு துண்டாக வெட்டி, நடுவில் அலறும் முகம் ஒன்றைச் செருகியிருந்தால் சந்தேகம்தான் மிஞ்சியிருக்கும். எனவே விழும் காட்சி எடுபடாவிட்டால் நடிகரை மட்டும் திட்டாதீர்கள். படத்தொகுப்பாளர் எங்கே வெட்டினார், பின்னணி இசை எங்கே முந்திக்கொண்டது என்றும் பாருங்கள்.

"லாஜிக் இல்லை" என்ற புகார் அடுத்தது. சாப்ளின் 1925-ல் எடுத்த 'தி கோல்ட் ரஷ்' படத்தில் பசி தாங்காமல் பூட்ஸை வேகவைத்துத் தின்கிறார். ஆணிகளை எலும்புபோலச் சப்புகிறார், லேஸை முள்கரண்டியில் சுற்றி வாயில் போடுகிறார், எல்லாம் விருந்துக்கு வந்தவரின் நாசூக்கோடு. (படப்பிடிப்பில் அது அதிமதுர மிட்டாயில் செய்த பூட்ஸ்.) பூட்ஸைத் தின்ன முடியுமா என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அந்தப் பசியை நாம் நம்பிவிட்டோம். கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும் என்பதே. அதற்குப் பதில் இல்லாத காட்சியில் எவ்வளவு குட்டிக்கரணம் அடித்தாலும் வீண்.

ரசிகர்கள் செய்யும் தவறு இதற்கு நேர் எதிர்: நட்சத்திரம் இருந்தால் போதும் என்று நினைப்பது. இந்த வகை வளர்ந்ததே ஒன்றிரண்டு ரீல் குறும்படங்களில்தான். ஒரு ரீல், அதாவது ஒரு படச்சுருள், ஏறத்தாழ பத்து நிமிடம் ஓடும். இரண்டு மணி நேரத்துக்கு அதே முகக்கோணலையே இழுத்தால் அலுக்காமல் என்ன செய்யும்? ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ஜிம் கேரிக்கு 1994 என்ற ஒரே ஆண்டில் மூன்று வெற்றிப் படங்கள் அமைந்தன. ஆனால் 1998-ல் 'தி ட்ரூமன் ஷோ'வில் அவர் சேட்டையை வெகுவாகக் குறைத்துக்கொண்டார், விமர்சகர்கள் அவரை வேறு கண்ணோடு பார்த்தார்கள்.

உடன் நடிப்பவர்களைக் கவனிக்காமல் விடுவதும் தவறு. நட்சத்திரம் அடி வாங்கும்போது வரும் சிரிப்பு, அவர் எளியவன் ஒருவனையே திரும்பத் திரும்ப அறையும்போது எனக்கு வருவதில்லை. ஸ்லாப்ஸ்டிக் என்ற பெயரே, லேசாகத் தட்டினாலும் பலத்த ஓசை எழுப்பும் மேடைத் தடியிலிருந்து வந்தது. ஓசை பெரிது, வலி சிறிது. இது தலைகீழானால் படம் கசக்கிறது.

கடைசித் தவறு என்னுடையது. இப்படிப்பட்ட படம் ஒன்றை இரவில் தனியாக, கைப்பேசியில் பார்த்துவிட்டு, முதல் பாதி சிரிப்பே இல்லை என்று எழுதிவிட்டேன். பிறகு நிறைந்த அரங்கில் பார்த்தபோது, அதே முதல் பாதியில் சிரிப்பொலியில் வசனமே கேட்கவில்லை. எழுதியதில் பாதியை அடித்துத் திருத்தினேன். இரண்டாம் பாதியைப் பற்றிய குறைகளை மட்டும் தொடவில்லை. அங்கே அரங்கமும் வாய் திறக்கவில்லை.