தட்டுவடை செட்டை மிதித்தால் யார் சாக வேண்டும்?

சேலத்தில் முதல் பிளாட்ஃபார்ம் கேம் (மேடை மேடையாகத் தாவி ஓடும் வீடியோ கேம்) செய்பவர்களுக்குத் தட்டுவடை செட்டை எதிரியாக்கும் ஆசை வந்துவிடுகிறது. நல்ல தேர்வுதான். இரண்டு தட்டுவடை, நடுவே பீட்ரூட் கேரட் துருவல், கீழே இரண்டு கால். மிதித்தால் நொறுங்கும் என்று பார்த்ததுமே புரியும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் வரும், மிதித்தால் சாகும் எதிரியான கூம்பாவுக்கும் ஜப்பானில் தீனிப் பெயர்தான்: குரிபோ. குரி என்றால் செஸ்ட்நட் கொட்டை.

ஆனால் மிதித்தவன் செத்துப்போகிறான், தட்டுவடை நடையைக் கட்டுகிறது.

கால் இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்ப்பது

"எதிரியின் உச்சியிலிருந்து 4 பிக்சலுக்குள் கால் இருந்தால் மிதி, இல்லாவிட்டால் அடி." எல்லோரும் எழுதும் நிபந்தனை இது. சின்னக் குதியில் வேலை செய்யும். அதனால்தான் தப்பு கண்ணில் படுவதில்லை. விழும் வேகம் விநாடிக்கு 600 பிக்சல், 60 ஃப்ரேம் (அடுத்தடுத்து வரும் திரைப் படங்கள்) என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 10 பிக்சல். போன ஃப்ரேமில் உச்சிக்கு 2 பிக்சல் மேலே இருந்த கால், இந்த ஃப்ரேமில் 8 பிக்சல் உள்ளே போயிருக்கும். நிபந்தனை தோற்றது, பிளேயர் காலி.

உடனே 4-ஐ 10 ஆக்குவார்கள். எதிரியின் உயரமே 16. இனி அரைப்படி உயரத்திலிருந்து பக்கவாட்டில் இடித்தாலும் மிதியாகிவிடும்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அடுக்கடுக்காக லெவலாக்கிய ஒருவர், மேல் சாலையிலிருந்து கீழ் சாலைக்குக் குதித்தாலே சாவு என்றதும் ஈர்ப்பு விசையைக் குறைத்தார். குதியே பஞ்சு மாதிரி மிதக்க ஆரம்பித்தது. நிபந்தனையை மட்டும் தொடவில்லை!

போன ஃப்ரேமின் கால் உயரத்தையும் எதிரியின் உச்சியையும் சேமித்து வையுங்கள். அப்போது கால் உச்சிக்கு மேலே, இப்போது இரண்டும் உரசல், பிளேயர் கீழ்நோக்கி வருகிறான்: மூன்றும் சேர்ந்தால் மிதி. கோடோ என்ற கேம் எஞ்சினில், பிளேயரை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைடுக்கு முன்பே வேகத்தை எடுத்து வைக்க வேண்டும். தரையில் மோதிய பிறகு படித்தால் செங்குத்து வேகம் 0 என்றுதான் வரும்.

நொறுங்கும் தட்டுவடை கடிப்பது

அனிமேஷன் முடியும்வரை ஹிட்பாக்ஸை (மோதலைக் கணக்கிடும் பெட்டியை) விட்டுவைத்தால் நொறுங்கிய துண்டும் கொல்லும். மிதித்த கணமே அணையுங்கள். மோதியதும் ஓடும் சிக்னல் கோடுக்குள் இருந்தால், மாற்றத்தை ஃப்ரேம் முடிவுக்குத் தள்ளும் செட் டிஃபர்ட் மூலம். இரண்டு தட்டுவடை ஒட்டி வந்தால் மிதியை முதலில் கணக்கிட்டு, அடியை 5 ஃப்ரேமுக்குத் தள்ளிப்போடுங்கள்.

துருவலுக்கும் ஹிட்பாக்ஸ்

வேண்டாம். 24 பிக்சல் அகலப் படத்துக்கு 18 போதும்.

விளிம்பில் நடுங்குவது

எதிரி திரும்பும்போது, முன்னால் தரை இருக்கிறதா என்று பார்க்கும் ரேகாஸ்ட்டையும் திருப்பி, உடனே மறுபடி பார்க்கச் சொல்லும் ஃபோர்ஸ் அப்டேட்டை அதே ஃப்ரேமில் கொடுங்கள். இல்லாவிட்டால் பழைய பக்கத்தையே பார்த்து மறுபடி திரும்பும்.

ஏற்காட்டுப் பனிமூட்டம்

எதிரிக்குப் பின்னால் வரையுங்கள்.