குளிர் எப்ப முடியும்? ரொறன்ரோவுக்குப் புதுசா வந்தவைக்கு: பெப்ரவரி 2ம் வில்லியாரும்

ரொறன்ரோப் பக்கம் வந்து முதல் வின்ரரைக் கடக்கிற ஆக்களுக்குத்தான் இது. ஜனவரி முடிய வேலையிடத்திலயும் பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்திலயும் "வில்லி என்ன சொல்லுவார்" எண்டு கதை தொடங்கும், ஆரோ அரசியல்வாதியாக்கும் எண்டு முழிக்காதேங்கோ. ஆள் ஒரு கிரவுண்ட்ஹொக், அணில் குடும்பம், பூனையளவு, குண்டு உடம்பு, குட்டைக் கால், வின்ரர் முழுக்க வளைக்குள்ள நித்திரை.

பெப்ரவரி 2 காலமை அவரை வெளிய கொண்டு வருவினம். வெயில் எறிச்சு தன்ர நிழலைக் கண்டால் இன்னும் ஆறு கிழமை குளிர், மப்பா இருந்து நிழல் தெரியாட்டி ஸ்பிரிங் கெதியா வருதாம். வெயில் எண்டா நல்லதுதானே எண்டு கேப்பியள். ஆனா இஞ்ச பெப்ரவரியில வானம் பளிச்செண்டு கிடக்கிற நாள்தான் கனதரம் வடக்குக் காத்து இறங்கி விறைக்க வைக்கிறது, மப்பு மூடினா கொஞ்சம் தணிவு, காலமை பஸ்ஸுக்கு நிண்டு பாத்தா விளங்கும். ஜேர்மன்காரர் ஊரில வேற பிராணியை வச்சுப் பாத்த வழக்கமாம், அமெரிக்காவின்ர பென்சில்வேனியாவுக்கு வந்த இடத்தில கிரவுண்ட்ஹொக்குக்கு மாறிட்டினம். அங்க பங்ஸடோனி எண்ட ஊரில பில் எண்ட கிரவுண்ட்ஹொக் 1887ல இருந்து சொல்லுறார்.

எங்கட ஒன்ராறியோ ஆள் வியாட்டன் வில்லி, வியாட்டன் எண்டது ஜோர்ஜியன் பே கரையில இருக்கிற ஊர். 1956ல மக் மக்கென்சி எண்டவர் சிநேகிதர்மாருக்கு ஒரு பார்ட்டி வைக்க அழைப்பு அனுப்ப, அது ரொறன்ரோ நிருபர் ஒருத்தற்ற கையில பட்டு, அவர் மெனக்கெட்டு அவ்வளவு தூரம் போனா அங்க திருவிழாவுமில்லை ஒண்டுமில்லை. மக்கென்சி மனிசியின்ர உரோமத் தொப்பியை எடுத்து, ஸ்னோவில குழி தோண்டி, அதைக் கிரவுண்ட்ஹொக் மாதிரி வச்சே ஒரு சாத்திரத்தைச் சொல்லிவிட, படம் பேப்பரில வந்திட்டுது! இப்ப மேயர் குனிஞ்சு காது குடுக்க வில்லி குசுகுசுப்பார், மேயர் சனத்துக்கு மொழிபெயர்ப்பார். 2021ல வில்லியைக் காட்டாமல் திரும்பவும் ஒரு உரோமத் தொப்பியை எறிஞ்சு சமாளிச்சவை, அப்ப இருந்த வில்லி பல்லில சீழ் கட்டிச் செத்துப்போனார் எண்டது பிறகுதான் வெளிய வந்தது. எனக்கு முழுக் கூத்திலயும் பிடிச்சது இந்தத் தொப்பிக் கதைதான்.

கிழக்குக் கரை மாகாணமான நோவா ஸ்கோஷியாவில சாம் எண்டு இன்னொரு கிரவுண்ட்ஹொக், அங்க நேரம் முந்தி எண்டதால முதல்ல அவற்ற பலன் வரும், வில்லி அதுக்கு எதிராச் சொல்லுறதும் உண்டு. பிள்ளையளோட ரீவியில பாருங்கோ, வேலையிடத்தில கதைக்க ஒரு விசயமும் கிடைக்கும். வில்லியைப் பாக்க வியாட்டனுக்கு நேர போகவேணுமெண்டா ரொறன்ரோவில இருந்து மூண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓட்டம், அந்தப் பக்கம் ஸ்னோ அடிச்சு றோட்டு மூடுறது சும்மா நடக்கும், முதல்ல றோட்டு நிலவரம் பாத்திட்டு வெளிக்கிடுங்கோ.

வில்லியாற்ற சொல்லை நம்பி மட்டும் ஜக்கெட்டைப் பெட்டிக்குள்ள போட்டிடாதேங்கோ. அவர் எதைச் சொன்னாலும் ஏப்ரலிலயும் இஞ்ச ஸ்னோ கொட்டும். வின்ரர் ரயர் கழட்டுறது வெப்பநிலை 7 பாகைக்கு மேல தொடர்ந்து நிக்கேக்க. பெப்ரவரியில கடையளில வின்ரர் உடுப்பு மலிவு விற்பனை போகும், பிள்ளையளுக்கு அடுத்த வருசத்துக்கு ஒரு அளவு பெரிசா வாங்கி வையுங்கோ.

தோட்ட ஆசை உள்ளவை மார்ச்சில கத்தரி, மிளகாய் விதையை வீட்டுக்குள்ள போட்டு, மே மாதம் விக்ரோறியா டே லோங் வீக்கெண்டுக்குப் பிறகு நாத்தை வெளிய நடுங்கோ. அப்ப நிஜ கிரவுண்ட்ஹொக் வரும், பயத்தங்கொடி எண்டா உயிர், ஒரு காலமையில முழுக்கொடியையும் அடியோட கடிச்சு முடிச்சிடும். கம்பிவலை அடிக்கேக்க நிலத்துக்கு மேல மட்டும் அடிச்சா காணாது, ஒரு அடியாவது மண்ணுக்குள்ளயும் இறக்குங்கோ, கிண்டுறதுதான் அவற்ற தொழில்.