ஸ்டிரிங்கில் எழுதிய கண்டிஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்லைன் கடையின் தள்ளுபடி விதிகள் அடிக்கடி மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புரோகிராம் கோடை (code) திறக்க முடியாது. சரி, "தொகை > 1000" என்று டேட்டாபேஸில் ஒரு ஸ்டிரிங்காக, அதாவது வெறும் எழுத்து வரியாக எழுதி வைத்துவிடலாமே என்று தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. அந்த வரியை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

நான் முதன்முதலில் செய்தது, அதை அப்படியே இஃப் (if) என்ற நிபந்தனைக் கட்டளைக்குள் போட்டது. வந்தவர்கள் எல்லோருக்கும் தள்ளுபடி விழுந்தது. ஜாவாஸ்கிரிப்டும் பிஎச்பியும் உள்ளே இருக்கும் கணக்கைப் பார்ப்பதில்லை. ஸ்டிரிங் காலியாக இல்லை, அதனால் உண்மை. "5 > 10" கூட உண்மைதான்! எர்ரர் எதுவும் வராததால் கண்டுபிடிக்க நாளாகும். "0" மட்டும் இன்னொரு குழப்பம்: பிஎச்பியில் பொய், ஜாவாஸ்கிரிப்டில் உண்மை. பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் ஃபால்ஸ் (பொய்) என்று வைத்தாலும் அது எழுத்தாகத்தான் திரும்பி வரும். எழுத்தாக வந்தால் அதுவும் உண்மை.

அடுத்து எல்லோரும் போய் நிற்கும் இடம் இவால் (eval), ஸ்டிரிங்கில் இருப்பதைக் கோடாகவே ஓட்டும் கட்டளை. பிஎச்பியில் ரிட்டர்ன் சேர்க்க மறந்தால் நல் (null), அதாவது மதிப்பில்லாத வெறுமைதான் கிடைக்கும், யாருக்கும் தள்ளுபடி வராது. இது சின்னத் தவறு. பெரிய தவறு, இவாலைப் பயன்படுத்துவதே. விதியை எழுத முடிந்தவர் உங்கள் சர்வரில் எதையும் ஓட்டலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ள ஃபைலையும் படிக்கலாம். "அட்மின் மட்டும்தானே எழுதுகிறார்" என்பார்கள். அட்மின் கணக்கு திருடுபோனால்? வாடிக்கையாளர் தந்த பெயரை அதே ஸ்டிரிங்கில் ஒட்டினால்? வாடிக்கையாளர் தரும் தகவலுக்குள் டேட்டாபேஸ் கட்டளையை ஒளித்து அனுப்பும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் நுழையும் அதே வாசல் இது. ஆபத்தான சொற்களை வடிகட்டுவதும் பலிக்காது, துண்டுகளாகச் சேர்த்து அதே சொல்லை உருவாக்கிவிடலாம். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட் (Node.js) தரும், கோடைத் தனியாக ஓட்டும் விஎம் (vm) மாட்யூலும் தீர்வாகாது. அது பாதுகாப்புக்கானது இல்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது.

அந்த ஒரு வரியை டேட்டாபேஸில் மூன்று நெடுவரிசைகளாகப் பிரித்துச் சேமியுங்கள்: புலம், குறி, மதிப்பு. தொகை, >, 1000. எந்தெந்தப் புலங்கள், எந்தெந்தக் குறிகள் செல்லும் என்று கோடில் ஒரு பட்டியல் வைத்து, ஒவ்வொரு குறிக்கும் நீங்களே ஒப்பீட்டை எழுதுங்கள். முக்கால்வாசி விதிகளுக்கு இது போதும். அடைப்புக்குறி, அல்லது, மற்றும் என்று விதி வளர்ந்தால் ஜேசன்லாஜிக், சிம்ஃபொனியின் எக்ஸ்பிரஷன் லாங்குவேஜ் மாதிரியான தயார் லைப்ரரிகள் இருக்கின்றன.

அப்புறம், ஒப்பிடும் முன் எண்ணாக மாற்றுங்கள். ஃபாரத்திலிருந்து வருவது எல்லாம் ஸ்டிரிங். இரண்டு பக்கமும் ஸ்டிரிங்காக இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தெழுத்தாகப் பார்க்கும். "900" அதற்கு "1000"ஐ விடப் பெரியது.

விதியில் பிழை இருந்தால் சேமிக்கும்போதே மறுத்துவிடுங்கள். பில் போடும் நேரத்தில் தெரியவந்தால், பொய் என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நகராமல், எந்த விதி, என்ன மதிப்பு என்று லாகில் (பதிவேட்டில்) எழுதுங்கள்.