கொன்ஃபிகர் எங்கே? குளோன் செய்த மூலநிரலைக் கட்டும்போது விடும் தவறுகள்

நிரலின் மாற்ற வரலாற்றைப் பேணும் கருவியான கிட்டில் இருந்து மூலநிரலைக் குளோன் செய்ததும் (பிரதி எடுத்ததும்), பலர் நேரே ‘கொன்ஃபிகர்’ என்று அடிக்கிறார்கள். நிரலைக் கட்டுமுன், அதாவது ஓடக்கூடியதாக மாற்றுமுன், கணினியைச் சோதித்து ஆயத்தம் செய்யும் ஸ்கிரிப்ட் அது. அப்படியொரு கோப்பே இல்லை என்று பதில் வரும். கோப்பு தொலையவில்லை, இன்னும் பிறக்கவில்லை. வெளியீட்டுக்கான டார் பொதியில் (கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பில்) தான் கொன்ஃபிகர் தயாராக இருக்கும். கிட்டில் கிடைப்பது கொன்ஃபிகர்.ஏசி, மேக்ஃபைல்.ஏஎம் ஆகிய மூலங்கள். அவற்றிலிருந்து கொன்ஃபிகரை உருவாக்குவதுதான் பூட்ஸ்ட்ராப். நிரலில் கைவைக்கப் போவதில்லை, பாவிக்க மட்டும்தான் என்றால் டார் பொதியையே இறக்குங்கள். கீழே உள்ளதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

மலையகத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் மழைநாளில் சிக்னலை நம்பி முழுக் குளோனைத் தொடங்குவது அடுத்த தவறு. பாதியில் அறுந்தால் கிட் விட்ட இடத்தில் இருந்து தொடராது. டேட்டா போனது போனதுதான். ‘--டெப்த் 1’ கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் எடுத்துவிட்டு, பிறகு ‘ஃபெட்ச் --டீப்பன்’ மூலம் பழைய வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தலாம். ஆனால் ஆழமில்லாத குளோனில் பழைய டேக்குகள் (பதிப்புகளுக்கு இட்ட பெயர்க்குறிகள்) இராது. டேக்கைப் பார்த்துப் பதிப்பு எண் எழுதும் திட்டங்கள் அங்கே ‘அன்னோன்’ என்று காட்டும் அல்லது நின்றுவிடும். திட்டத்துக்குள் செருகிய வேறு கிட் களஞ்சியங்களான சப்மொடியூல்களையும் (‘சப்மொடியூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்’) அதே இருப்பில் எடுத்துவிடுங்கள். ஸிப்பாக இறக்கினால் சப்மொடியூலும் வராது, கிட் வரலாறும் வராது. நூலிப் என்ற பொது நிரல் தொகுப்பைப் பாவிக்கும் திட்டங்கள் இரண்டு மூன்று இருந்தால், அதன் ஒரே பிரதியை ‘நூலிப்_எஸ்ஆர்சிடிர்’ சூழல் மாறியில் காட்டினால் போதும்.

கொன்ஃபிகரை உருவாக்கத் தேவையான கருவிப் பொதிகளையும் சிக்னல் உள்ளபோதே நிறுவுங்கள். லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டுவில் ஓட்டோகொன்ஃப், ஓட்டோமேக், லிப்டூல், கெட்டெக்ஸ்ட், பிகேஜி-கொன்ஃபிக் ஆகியவை வேண்டும். ஓட்டோபொயின்ட் தனிப் பொதி. அதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். பிகேஜி-கொன்ஃபிக் இல்லாவிட்டால் வரும் பிழை ஆளை ஏமாற்றும். பூட்ஸ்ட்ராப் சத்தமில்லாமல் முடிந்துவிடும். பிறகு கொன்ஃபிகர் ஓடும்போது ‘பிகேஜி_செக்_மொடியூல்ஸ்’ உள்ள வரியில் இலக்கணப் பிழை என்று நிற்கும். அந்த மேக்ரோ (நிரல்வரிகளாக விரியவேண்டிய சுருக்கப்பெயர்) விரியாமல் அப்படியே எழுதப்பட்டதுதான் காரணம். கொன்ஃபிகரைத் திறந்து திருத்த வேண்டாம். பொதியை நிறுவி, ‘ஓட்டோம்4டீஇ.கேஷ்’ அடைவை அழித்து, ‘ஓட்டோரீகொன்ஃப் -எஃப்ஐ’ என்று மீண்டும் ஓட்டுங்கள். திட்டத்தில் பூட்ஸ்ட்ராப் அல்லது ஓட்டோஜென் என்று சொந்த ஸ்கிரிப்ட் இருந்தால் அதையே ஓட்டுங்கள். ஓட்டோரீகொன்ஃப் செய்யாத வேலையையும் அது செய்யக்கூடும்.

கரண்ட் போய்வந்த பழைய டெஸ்க்டொப்பில் தாய்ப்பலகையின் சிறு பற்றரி செத்திருந்தால் கடிகாரம் பல ஆண்டு பின்னே போய்விடும். இணையமும் இல்லையென்றால் அது தானாகத் திருந்தாது. அப்போது, புதிதாக உருவாக்கிய கோப்பு மூலக் கோப்புகளைவிடப் பழையது என்று கொன்ஃபிகர் மறுக்கும். நிரலைக் கட்டும் கருவியான மேக்கும் கோப்புகளின் நேரம் பார்த்தே எதைக் கட்டுவதென்று தீர்மானிப்பதால், முதலில் ‘டேட்’ அடித்துத் திகதியைப் பாருங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடியோடு மின்சாரம் போவது வழமை. கட்டும் நடுவில் போனால் வெறுமையான ‘.ஓ’ கோப்புகள் (கட்டும்போது உருவாகும் இடைநிலைக் கோப்புகள்) மிஞ்சலாம். அவற்றின் நேரம் புதியது என்பதால் மேக் அவற்றைத் தாண்டிப்போகும். அவற்றை ஒன்றாக்கும் கடைசி இணைப்பில்தான் பிழை வெடிக்கும். ‘ஃபைன்ட்’ கொண்டு அளவு 0 உள்ளவற்றைத் தேடி அழித்தால் பெரும்பாலும் சரிவரும். பாதியில் அறுந்த கோப்பு வெறுமையாக இராது. சந்தேகமென்றால் ‘மேக் கிளீன்’ அடித்துக் கட்டியதை அழித்து மீண்டும் கட்டுங்கள். மேக்குக்கு எண் போடாமல் ‘-ஜே’ கொடுத்தால் எத்தனை வேலையையும் ஒரே நேரத்தில் தொடங்கும். 4 ஜிபி நினைவகமுள்ள மடிகணினிக்கு ‘-ஜே2’ (ஒரே நேரத்தில் இரண்டு வேலை) கொடுங்கள்.