வீட்டுச் சுவரில் மாய விளக்கு: அட்டைப்பெட்டியில் செய்து பார்க்கும் முறை

நெதர்லாந்து அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-ஆம் ஆண்டில், ஓர் எலும்புக்கூடு தன் தலையைத் தானே கழற்றிக் கையில் ஏந்துவதைச் சிறு சிறு படங்களாக வரைந்து, விளக்கொளியில் குவிலென்ஸ் வழியே காட்டுவதற்கானவை என்று குறித்துவைத்தார். சிறு படத்தைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் மாய விளக்கின் கதை ஏறக்குறைய அங்கிருந்துதான் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரப் பொம்மைத் தயாரிப்பாளர்கள் தகரத்தில் இதைச் செய்து விற்கத் தொடங்கியபின், சிறு மண்ணெண்ணெய் விளக்கும் புகைபோக்கியும் கொண்ட அந்தக் கருவி ஐரோப்பிய வீடுகளின் மாலைப்பொழுதுக்கு உரியதாயிற்று. அதையே நாம் இப்போது ஒரு செருப்புப் பெட்டியில் செய்யப்போகிறோம். பழமைக்கு ஆசைப்பட்டு மெழுகுவத்தியை உள்ளே வைத்துவிட வேண்டாம். பெட்டி அட்டையால் ஆனது.

தேவையானவை: சுமார் 30 செ.மீ. நீளமுள்ள பெட்டி, ஒரே மாதிரியான மூன்று பூதக்கண்ணாடிகள், கைப்பேசியின் டார்ச், கறுப்புச் சார்ட் அட்டை, ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்), பெர்மனன்ட் மார்க்கர், கறுப்பு அக்ரிலிக் வண்ணம்.

1. குவிய தூரத்தை அளத்தல். பகலில் சன்னலுக்கு எதிர்ச்சுவர் அருகே பூதக்கண்ணாடியைப் பிடித்து, வெளியே உள்ள மரமோ மாடியோ சுவரில் தலைகீழாகத் தெளிந்து விழும் வரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அப்போது கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளிதான் குவிய தூரம். அது 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டே கீழுள்ள அளவுகளைத் தருகிறேன். உங்களுடையது வேறானால் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

2. ஒளியைத் திரட்டுதல். தொடக்கநிலையினர் பெரும்பாலும் ஒரே ஒரு லென்ஸை வைத்துவிட்டு, படம் மங்கலாக இருக்கிறதே என்று வருந்துவது இங்கேதான். டார்ச்சின் ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் அதைத் திரட்டிப் படத்தின் வழியே முன் லென்ஸுக்குள் செலுத்த வேண்டும். அதற்காக இரண்டு பூதக்கண்ணாடிகளை ஒட்டினாற்போல நிறுத்தி, அவற்றுக்குப் பின்னால் ஏறத்தாழ 9 செ.மீ. தள்ளி டார்ச்சை வையுங்கள். டார்ச்சும் லென்ஸ்களும் ஒரே உயரத்தில், ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும்.

3. ஸ்லைடும் முன் லென்ஸும். அந்த இரட்டைக் கண்ணாடிக்கு 1 செ.மீ. முன்னால், பெட்டியின் இரு பக்கங்களிலும் நேருக்கு நேர் பிளவு வெட்டினால் ஸ்லைடை, அதாவது படம் வரைந்த ஷீட்டுப் பட்டையை, பக்கவாட்டில் செருகி நகர்த்தலாம். மூன்றாவது கண்ணாடியைச் சார்ட் அட்டைக் குழாயில் பொருத்தி, முன்னும் பின்னும் நகரும்படி பெட்டியின் முகப்பில் செருகுங்கள். சுவர் 1 மீட்டர் தொலைவில் இருந்தால் லென்ஸ் ஸ்லைடிலிருந்து 11.1 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும், படம் 9 மடங்கு பெரிதாகும். 2 மீட்டருக்கு நகர்த்தினால் இடைவெளி 10.5 செ.மீ.; படம் 19 மடங்கு. அந்த அரை சென்டிமீட்டருக்காகத்தான் குழாய். லென்ஸின் முன்னால் 2 செ.மீ. துளையிட்ட கறுப்பு அட்டையை ஒட்டினால் ஓரங்களில் தெரியும் வண்ணக் கசிவு குறையும்.

4. வரைதல். ஷீட்டை 6 செ.மீ. அகலப் பட்டையாக வெட்டி, ஒவ்வொரு படத்தையும் 4 செ.மீ. வட்டத்துக்குள் அடக்குங்கள். நான் முதன்முதலில் தடித்த மார்க்கரால் ஒரு பூனையை வரைந்தேன், 1 மி.மீ. கோடு சுவரில் 2 செ.மீ. பட்டையாகி, மீசை கயிறு போல் தொங்கியது. விரல்ரேகைகூட மேகம் போலத் தெரியும் என்பதால் ஷீட்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். படத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம் முழுவதையும் அக்ரிலிக் கறுப்பால் அடைப்பதே என் பார்வையில் இக்கலையின் உயிர்நாடி. அடைத்தால்தான் உருவம் இருட்டில் மிதப்பதுபோல் தோன்றும். டார்ச் பக்கமிருந்து பார்த்தால் எழுத்து நேராகத் தெரியும்படி பிடித்து, பிறகு முன்பின் பக்கம் மாறாமல் தலைகீழாகச் சுழற்றிச் செருகுங்கள்.

5. அசையும் படம். ஹைகன்ஸின் எலும்புக்கூட்டையே எடுத்துக்கொள்வோம். கழுத்தின்மேல் ஒரு தலையும், அதே உயரத்துக்குத் தூக்கிய கையில் 1.5 செ.மீ. தள்ளி இன்னொரு தலையும் வரைந்து, பின்புலத்தைக் கறுப்பாக்குங்கள். வெறும் ஷீட்டுப் பட்டை ஒன்றில் தலையளவுக் கறுப்புப் பொட்டு வைத்து, கையிலுள்ள தலையை மறைக்கும்படி படத்தின்மேல் செருகுங்கள். பட்டையை 1.5 செ.மீ. இழுத்தவுடன் கழுத்தின் தலை மறைந்து, கையில் தலை தோன்றும். மெதுவாக இழுத்தால் தந்திரம் வெளிப்பட்டுவிடும். வெடுக்கென்று இழுக்க வேண்டும். தாடிக்காரர் தூங்கத் தூங்க அவர் வாய்க்குள் எலிகள் வரிசையாக ஓடும் புகழ்பெற்ற விக்டோரியக் காலத்து ஸ்லைடில், எலிகள் சுழலும் கண்ணாடியில் வரையப்பட்டிருந்தன. அதைப் பிறகு முயலலாம்.

எல்லாம் முடிந்தும் சுவரில் வெறும் வெளிச்சம் மட்டுமே விழுந்தால் லென்ஸ்களைச் சரிபாருங்கள். 1662-இல், பாரிஸிலிருந்த ஹைகன்ஸின் தந்தை, பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனையில் காட்டுவதற்காக மாய விளக்கொன்றைக் கேட்டார். இத்தகைய வேடிக்கை குடும்பப் பெயருக்கு இழுக்கு என்று கூச்சப்பட்ட மகன், கருவியை அனுப்பிவைத்துவிட்டு, அது வேலை செய்யாதபடி ஒரு லென்ஸை மட்டும் எடுத்துவிடுமாறு தம்பி லோடெவைக்குக் கடிதம் எழுதினார்.