ஒளியையும் உறக்கத்தையும் ஆராய விரும்பும் வன்னி மாணவருக்கு

ஒளி மனிதரின் உறக்கத்தையும் உடல்நலத்தையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராய்வதையே தொழிலாகக் கொள்ள விரும்புபவர், உயர்தரத்தில் உயிரியல் பிரிவா, கணிதப் பிரிவா என்று அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மருத்துவம், உளவியல், பௌதிகவியல், கட்டடக்கலை எனப் பல வழிகளால் இத்துறைக்குள் நுழையலாம். மேற்படிப்புக்கு இடம் தேடும்போது மட்டும், ஒளியைத் தானே அளந்து பழகிய ஒருவரை வழிகாட்டியாகத் தேடுங்கள்.

அளவீட்டுக்கு நான் ஏன் இவ்வளவு முதன்மை தருகிறேன் என்பதைத் துறையின் வரலாறே விளக்கும். இரவில் சுரந்து உடலுக்கு இரவை உணர்த்தும் ஹோர்மோனான மெலடோனினை ஒளி விலங்குகளில் அடக்கினாலும், மனிதரில் அடக்காது என்றே ஒரு காலத்தில் நம்பினார்கள். 1980இல் அல்பிரட் லூயியும் குழுவினரும் 2,500 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) ஒளியைக் கொடுத்தபோது மெலடோனின் அளவு வீழ்ந்தது. 500 லக்ஸில் வீழவில்லை. பின்னர் சாதாரண அறை வெளிச்சமே போதும் என்று தெரியவந்தது. 1995இல் சார்ல்ஸ் சைஸ்லர் குழுவினர், பார்வை முற்றாக இழந்த சிலரிடமும் ஒளி மெலடோனினைக் குறைப்பதைக் காட்டினர். அதற்குரிய விழித்திரைக் கலங்கள் தாமாகவே ஒளியை உணர்வதை 2002இல் டேவிட் பேர்சன் குழுவினர் நிறுவினர்.

அக்கலங்கள் ஏறத்தாழ 480 நனோமீற்றர் நீல ஒளிக்கே கூடுதலாகத் தூண்டப்படுகின்றன. லக்ஸ் என்பதோ பார்வைக்காக வகுக்கப்பட்ட அலகு. ஆகவே மஞ்சள் மின்குமிழும் வெண்ணிற எல்ஈடி மின்குமிழும் ஒரே லக்ஸைக் காட்டினாலும் உடலுக்கு அவை ஒன்றல்ல. 2018இல் வெளிவந்த சர்வதேச நியமத்தின்படி மெலனோபிக் அளவை, அதாவது அக்கலங்களின் உணர்திறனுக்கேற்பக் கணிக்கும் ஒளியளவை, கணிக்கப் பழகுங்கள். அளக்கும்போது கருவியை மேசையில் படுக்க வைக்காமல், கண்ணின் உயரத்தில், முகம் நோக்கும் திசையில் நிறுத்த வேண்டும். கைத்தொலைபேசிச் செயலி விளையாட்டுக்கு உதவும், ஆய்வுக்கு உதவாது.

இனி ஆய்வுக் கேள்வி. உறங்குவதற்கு முந்திய மூன்று மணி நேரத்தில் மெலனோபிக் அளவு 10 லக்ஸைத் தாண்டாதிருக்க வேண்டும் என்று 2022இல் நிபுணர் குழுவொன்று பரிந்துரைத்தது. அதற்கு அடிப்படையான தரவுகளில் பெரும்பகுதி ஆய்வுகூடத்தில் திரட்டப்பட்டவை. பகலில் பெற்ற ஒளி இரவின் உணர்திறனைக் குறைக்கக்கூடும் என்பதால், பகல் முழுவதும் பத்தாயிரக்கணக்கான லக்ஸில் வயலில் நின்றுவிட்டு இரவில் யானைக் காவலுக்குப் பரணேறும் கிளிநொச்சி விவசாயிக்கு அதே எல்லை பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. 2009இன் பின்னரே மின்சாரம் எட்டிய கிராமங்கள் பல இங்கிருப்பதும் கவனிக்கத்தக்கது.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, மணிக்கட்டில் அணியும் அசைவுப் பதிவுக் கருவியையும் உறக்கக் குறிப்பேட்டையும் இரண்டு வாரம் கொடுத்துத் தொடங்கலாம். காவலாளியிடம் டோர்ச்சை அணைக்கச் சொல்லும் பரிசோதனை வேண்டாம். யானை வரும் இடத்தில் அது உயிராபத்து. காலபோகக் (மாரிகால நெற்செய்கை) காவலின் இரவுகளும் வேலையற்ற மாதங்களின் இரவுகளும் ஒரே அட்டவணையில் கலந்துவிடாதபடி, ஒவ்வொரு பதிவிலும் பருவத்தையும் முகிலையும் குறித்து வையுங்கள்.